ஸ்கேன் நார்மல், பையன்?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 17 வயது, பிளஸ் டூ படிக்கிறான். எங்கள் ஊர் கபடி அணியின் முதல் ரெய்டர் அவன்தான். அணியைப் பார்த்துக்கொள்வது நான். போன சனிக்கிழமை மின்னொளி கபடிப் போட்டி. செயினுக்கு (கைகோத்து நிற்கும் தடுப்பாட்டக்காரர்களுக்கு) அடியில் குனிந்து வெளியே வரப் பார்த்தபோது எதிரணிப் பையனின் முழங்கால் இவன் வலது பொட்டில் பலமாக இடித்துவிட்டது. பத்து விநாடி அப்படியே கிடந்தான். தண்ணீர் தெளித்து, சோடா கொடுத்ததும் எழுந்துவிட்டான். ‘ஒண்ணுமில்ல மாமா’ என்றான். ஸ்கோர் என்ன என்று இரண்டு தடவை கேட்டான். ஆட்டம் இழுபறியாக இருந்ததால் இரண்டாம் பாதியில் நானே அவனை இறக்கிவிட்டேன். இரண்டு பாயின்ட்டும் எடுத்தான். மறுநாள் காலையில் தலைவலி, ஒருமுறை வாந்தி, வெளிச்சம் பட்டால் எரிச்சல். ஆஸ்பத்திரியில் சி.டி. ஸ்கேன் எடுத்து, நார்மல் என்று சொல்லிவிட்டார்கள். இன்னும் இரண்டு வாரத்தில் பெரிய போட்டி. தேர்வாளர்கள் வருகிறார்கள், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை கிடைத்தால் அந்தக் குடும்பமே நிமிரும். ஸ்கேன் நார்மல் என்பதால் ஆடலாம்தானே? வெளிநாட்டு வீரர்களுக்கு வயதானபின் மூளை கெட்டுப்போவதாக ஒரு வீடியோ பார்த்தேன். இவனுக்கும் அப்படி வருமா? தலைக்கவசம் வாங்கிக் கொடுத்தால் போதுமா? அவனைத் திரும்ப இறக்கிவிட்டது நான்தான் என்று என் அக்காவுக்கு இன்னும் தெரியாது.

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: உங்களுக்கு நேரடியாகவும் பதில் எழுதிவிட்டேன். ஊர் ஊராக மின்னொளிப் போட்டி நடக்கிற காலம் இது என்பதால் மற்றவர்களுக்கும் ஆகட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் முடிவைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெரிய போட்டியில் அவன் ஆடக் கூடாது.

உங்கள் கடிதத்தில் ஸ்கேன் வரியைப் படிக்கும் முன்பே ஒரு வரி என்னை நிறுத்திவிட்டது. ஸ்கோர் என்ன என்று இரண்டு தடவை கேட்டான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். முதல் தடவை நீங்கள் சொன்ன பதில் அவனுக்குள் தங்கவில்லை. அந்த நிமிடமே அவனுக்கு மூளை அதிர்ச்சியோ என்று சந்தேகப்பட்டிருக்கலாம். கிரிக்கெட்டில் கன்கஷன் என்கிறார்களே, அதுதான். நான் பள்ளியில் கபடி ஆடிய காலத்தில் இதற்கு ‘பொறி கலங்கிடுச்சு’ என்பதைத் தவிர வேறு பெயர் இல்லை. ‘கண்ணுல பூச்சி பறக்குதுடா’ என்று சொல்லிக்கொண்டே அடுத்த ரெய்டுக்குப் போவோம். நினைவு தப்பி விழுந்தால்தான் தலையடி என்று இன்றும் பலர் நினைக்கிறார்கள். மூளை அதிர்ச்சி அடைகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு நினைவு தப்புவதே இல்லை.

ஸ்கேன் விஷயத்துக்கு வருகிறேன். தலைவலியும் வாந்தியும் இருந்தபோது அதை எடுத்தது மிகச் சரி. சி.டி. ஸ்கேன் எதைப் பார்க்கிறது? மண்டையோடு விரிசல் விட்டிருக்கிறதா, உள்ளே ரத்தம் கசிந்திருக்கிறதா, மூளை வீங்கியிருக்கிறதா என்று பார்க்கிறது. வீட்டுச் சுவர் இடிந்திருக்கிறதா, குழாய் உடைந்திருக்கிறதா என்று பார்ப்பதுபோல. வீட்டுக்குள் வோல்டேஜ் ஏறி இறங்குவது அதில் தெரியாது. மூளை அதிர்ச்சி அந்த வோல்டேஜ் கோளாறு. ஆபரேஷன் தேவைப்படும் ஆபத்து இல்லை என்று ஸ்கேன் சொல்லியிருக்கிறது. ஆடலாமா என்று அதனிடம் யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவும் முடியாது.

உள்ளே என்ன நடந்திருக்கும்? சட்டியில் உறைந்த தயிரை நினைத்துக்கொள்ளுங்கள். சட்டியைச் சட்டென்று ஒரு சுழற்று சுழற்றினால் சட்டி முதலில் திரும்பும், தயிர் கொஞ்சம் பின்தங்கும், நடுவில் வெடிப்பு விடும். பொட்டில் பக்கவாட்டாக முழங்கால் இடிக்கும்போது தலை அப்படித்தான் திரும்புகிறது. மூளையின் நரம்பிழைகள் இழுபடுகின்றன. இழுபட்ட செல்களுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே புகுகிறது. இதைத் திரும்பச் சரிசெய்ய மூளைக்குக் குளுக்கோஸ் ஏராளமாக வேண்டும். ஆனால் அதே நேரத்தில் மூளைக்கு வரும் ரத்த ஓட்டமோ குறைந்துவிடுகிறது. செலவு கூடி வரவு குறைந்த வீடு மாதிரி மூளை சில நாள், சில வாரம்கூட ஓடும். தலைவலி, வெளிச்சம் பிடிக்காமை, எரிச்சல், தூக்கக் கோளாறு, படித்தது மனசில் நிற்காமை எல்லாம் அந்தப் பற்றாக்குறையின் முகங்கள்.

அந்த நிலையில் இரண்டாவது அடி விழுந்தால் என்ன ஆகும் என்பதுதான் என் கவலை. 2006-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சாக்கரி லிஸ்டெட் என்ற 13 வயதுப் பையனுக்குப் பள்ளிக் கால்பந்தில், அவர்கள் ஆடும் முரட்டுக் கால்பந்தில், தலை தரையில் மோதியது. கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைத்தார்கள். இரண்டாம் பாதியில் திரும்ப இறக்கினார்கள். ஆட்டம் முடிந்ததும் மைதானத்திலேயே சரிந்தான். மூளைக்குள் ரத்தக்கசிவு. மண்டையோட்டின் இரு பக்கமும் எலும்பை எடுத்து ஆபரேஷன் செய்து உயிரைக் காப்பாற்றினார்கள்; பேசவும் நடக்கவும் பல வருஷம் பாடுபட வேண்டியிருந்தது. 2009-இல் அந்த மாநிலம் அவன் பெயரில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தலையடி பட்டதாகச் சந்தேகம் வந்த மாணவனை உடனே வெளியே எடுக்க வேண்டும். மருத்துவர் எழுதித் தரும்வரை திரும்ப இறக்கக் கூடாது. பிறகு அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இதேபோன்ற சட்டங்கள் வந்துவிட்டன.

இது உங்களைக் குத்திக்காட்ட எழுதியதில்லை. முதல் அடியிலிருந்து மூளை மீள்வதற்குள் இன்னொரு அடி விழுந்து மூளை திடீரென்று வீங்கிவிடுவது அரிது. ஆனால் நேர்வது பெரும்பாலும் இவன் வயதுப் பிள்ளைகளுக்குத்தான். சனிக்கிழமை இரவு உங்கள் பையன் தப்பிவிட்டான். இரண்டு வாரத்தில் அதே சூதாட்டத்தை மறுபடி ஆட வேண்டாம் என்கிறேன்.

‘ஒண்ணுமில்ல மாமா’ என்று அவன் சொன்னதை நம்பியிருப்பீர்கள். அவன் பொய் சொல்லவில்லை, அவனுக்கே தெரியாது. ஆஸ்திரேலிய கிரிக்கெட் வீரர் ஸ்டீவ் ஸ்மித் கதை ஞாபகம் இருக்கிறதா? 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தின் ஆர்ச்சர் வீசிய பந்து காதுக்குக் கீழே கழுத்தில் பட்டு விழுந்தார். அணி மருத்துவர் சோதித்தார், தேறிவிட்டார், அன்றே திரும்ப வந்து 92 ரன் வரை ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் வந்தன. அவருக்குப் பதில் லபுஷேன் இறங்கினார். டெஸ்ட் கிரிக்கெட்டில் மூளை அதிர்ச்சிக்காக மாற்று ஆட்டக்காரர் இறங்கியது அதுவே முதல் தடவை. அடுத்த டெஸ்டிலும் ஸ்மித் ஆடவில்லை. அத்தனை வைத்திய வசதி உள்ள இடத்திலேயே அறிகுறி ஒரு ராத்திரி கழித்துத்தான் தெரிந்தது. டியூப்லைட் வெளிச்சத்தில், மைக் செட் சத்தத்தில், பத்து விநாடியில் நீங்கள் கண்டுபிடித்திருக்க முடியாது. கண்டுபிடிக்கத் தேவையும் இல்லை. சந்தேகம் வந்தால் வெளியே எடுத்துவிடுவது, அவ்வளவுதான். ஏழு பேர் ஆட, ஐந்து பேர் வெளியே காத்திருக்கிற விளையாட்டு கபடி. பெஞ்சில் இருக்கிற பிள்ளையும் ஆடத்தானே வந்திருக்கிறான்?

இனி யாருக்காவது அடிபட்டால் களத்துக்கு வெளியே கூட்டிவந்து நாலு கேள்வி கேளுங்கள். ‘இப்ப எந்த ஊர்ல ஆடுறோம்? முதல் பாதியா, ரெண்டாவதா? கடைசியா பாயின்ட் எடுத்தது யாரு? போன போட்டி யாரோட, ஜெயிச்சமா?’ ஆஸ்திரேலியாவில் கால்பந்து வீரர்களை வைத்து உருவாக்கிய கேள்விகளைக் கபடிக்கு மாற்றியிருக்கிறேன். ஒன்றில் தடுமாறினாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. எல்லாவற்றுக்கும் சரியாகச் சொல்லிவிட்டால் இறக்கலாம் என்று அர்த்தமில்லை; தலைவலி, கிறுகிறுப்பு, நடையில் தள்ளாட்டம், வெறித்த பார்வை எது இருந்தாலும் அதே முடிவுதான். சோடா கொடுப்பதால் கெடுதல் இல்லை, பலனும் இல்லை. ஆனால் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிற பெரியவர் எல்லா ஊரிலும் ஒருவர் இருப்பார். அவரைத் தயவுசெய்து கிட்டே விடாதீர்கள். தலையில் பட்ட அடி கழுத்து எலும்பிலும் பட்டிருக்கலாம். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்து திணிப்பதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு 108-க்குக் கூப்பிடுங்கள்.

சரி, இப்போது அவனை என்ன செய்வது? இருட்டறையில் வாரக்கணக்கில் படுக்க வைக்கும் பழைய வைத்தியம் போய்விட்டது. முதல் இரண்டு நாள் வீட்டோடு இருந்து, செல்போனை ஓரம் வைத்து, லேசாக நடமாடினால் போதும். அந்த இரண்டு நாள் தாண்டிவிட்டது. இனி தினமும் நடக்கட்டும், பிறகு சைக்கிள் மிதிக்கட்டும். தலைவலி லேசாகக் கூடினால் பரவாயில்லை. நன்றாகக் கூடினால் அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு மறுநாள் பார்க்கலாம். பள்ளிக்கூடம் முதலில், கபடி பிறகு. முழு நாளும் வகுப்பில் உட்கார முடிகிறதா, படித்தது நிற்கிறதா என்று பாருங்கள். பிளஸ் டூ என்பதால் வகுப்பாசிரியரிடம் சொல்லி வைப்பது நல்லது. இல்லையென்றால் திடீரென்று மதிப்பெண் குறைந்ததற்கு அவன் செல்போன்மேல் பழி விழும்.

அப்புறம் தனியாக ஓட்டம், கால்வேலை, மூச்சுப்பிடித்துப் பாடுகிற பயிற்சி. அடுத்து அணியோடு சேர்ந்து, ஆனால் உடம்பில் கைபடாத பயிற்சி. இதற்குப் போகும் முன் அறிகுறி எதுவும் மிச்சம் இருக்கக் கூடாது, மருத்துவரும் ஒரு தடவை பார்த்திருக்க வேண்டும். அதன்பிறகு பிடி, டேக்கிள் உள்ள முழுப் பயிற்சி. கடைசியாகத்தான் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு முழு நாள். அறிகுறி திரும்பினால் ஒரு படி இறங்க வேண்டும். உள்ளூர் விளையாட்டுகளுக்காகப் பிரிட்டன் அரசு 2023-இல் வெளியிட்ட நெறிமுறை, அடிபட்டு 21 நாள் ஆவதற்குள் போட்டியில் இறங்கவே கூடாது என்கிறது. பதின்வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் நாலு வாரத்துக்குள் தேறிவிடுவார்கள். நாலு வாரம் தாண்டியும் தலைவலி நீடித்தால் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். வலி மாத்திரை போட்டு, ஊசி போட்டு இறக்குகிற பழக்கம் சில போட்டிகளில் உண்டு என்று உங்களுக்கே தெரியும். முழங்காலுக்கு அதைச் செய்வதே தப்பு. தலைக்குச் செய்தால், வண்டியில் எரியும் சிவப்பு விளக்கின்மேல் துணியைப் போட்டு மூடுகிற கதைதான்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். நீங்கள் பார்த்த வீடியோ சி.டி.இ. என்று சுருக்கிச் சொல்லும் மூளைச்சிதைவு நோயைப் பற்றியதாக இருக்கும். புதுக் கதை இல்லை இது. குத்துச்சண்டை வீரர்கள் சிலர் போதையில் தள்ளாடுவதுபோல நடப்பதை 1928-லேயே மார்ட்லண்ட் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்தார். குத்துச்சண்டைக்காரர்களின் சமாச்சாரம் என்று உலகம் அதை ஒதுக்கிவிட்டது. 2002-இல் மைக் வெப்ஸ்டர் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர் 50 வயதில் இறந்தார். கடைசி வருஷங்களில் நினைவும் குணமும் சிதறி, வண்டியிலேயே படுத்துத் தூங்கி வாழ்ந்த மனிதர். பிரேதப் பரிசோதனை செய்தவர் நைஜீரியாவில் பிறந்த பென்னட் ஒமாலு. மூளையை வெளியே எடுத்துப் பார்த்தபோது அது பார்வைக்கு நார்மலாகவே இருந்தது! அவர் விடவில்லை. மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்தபோதுதான் டௌ என்ற புரதம் கட்டிகட்டியாகப் படிந்திருந்தது தெரிந்தது. 2005-இல் அதை ஆய்விதழில் வெளியிட்டார். இன்றுவரை இந்த நோயை உறுதிசெய்வது இறந்தபின் மூளையைச் சோதித்துத்தான். உயிரோடு இருப்பவருக்கு ஸ்கேன் எடுத்து ‘உனக்கு இருக்கிறது, உனக்கு இல்லை’ என்று சொல்ல முடியாது. அப்படிச் சொல்லி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

2017-இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வில், அமெரிக்காவின் தொழில்முறைக் கால்பந்து லீகில் ஆடிய 111 பேரின் மூளையில் 110 பேருக்கு இந்த நோய் இருந்தது. அந்த வீடியோவிலும் இந்த எண் வந்திருக்கும், பயந்திருப்பீர்கள். ஒரு விஷயத்தைச் சேர்த்துப் படியுங்கள். வீட்டில் ஒருவர் கண்ணெதிரே மாறிப்போவதைப் பார்த்த குடும்பங்கள்தான் பெரும்பாலும் மூளையைத் தானம் செய்கின்றன. ஆகவே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது வீரர்களுக்கு இந்த நோய் என்று கணக்குப் போடக் கூடாது.

எனக்கு அதைவிட உறுத்துவது ஸ்காட்லாந்துக் கணக்கு. அங்கே கால்பந்து நம் ஊரில் ஆடுகிற கால்பந்துதான். தலையால் பந்தை முட்டுவார்கள், அவ்வளவுதான். கிளாஸ்கோ ஆய்வாளர்கள் 7,676 முன்னாள் தொழில்முறை வீரர்களைப் பொதுமக்களோடு ஒப்பிட்டு 2019-இல் வெளியிட்டார்கள். மூளை நரம்புச் சிதைவு நோய்களால் இறப்பது வீரர்களிடம் மூன்றரை மடங்கு. பிறகு ஆடும் இடம் வாரியாகப் பிரித்துப் பார்த்தார்கள். பந்தைத் தலையால் அதிகம் முட்டுகிற தடுப்பாட்டக்காரர்களுக்கு ஆபத்து கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. கையால் பிடிக்கிற கோல்கீப்பர்களுக்குப் பொதுமக்களிடமிருந்து பெரிய வித்தியாசம் இல்லை. அதே மைதானம், அதே பயிற்சி, அதே சாப்பாடு. ஸ்காட்லாந்தில் 2020 முதல் 12 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சியில் தலையால் முட்டக் கற்றுத்தருவதில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே ஆய்வில் அந்த வீரர்கள் மாரடைப்பாலும் நுரையீரல் புற்றுநோயாலும் குறைவாகவே இறந்திருந்தார்கள். விளையாட்டு உடம்புக்கு நல்லதுதான். தலையில் படுகிற அடி கெட்டது. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஆக, பல வருஷம் திரும்பத் திரும்பப் படுகிற அடிகளின் மொத்தம்தான் சி.டி.இ. கதை. பொறி கலங்காத சின்ன அடிகளும் அந்தக் கணக்கில் சேரும். ஒரு சனிக்கிழமை முழங்காலால் உங்கள் பையனுக்கு அது வந்துவிடாது. அமெரிக்கக் கால்பந்தில் முன்வரிசைக்காரனுக்கு ஏறக்குறைய ஒவ்வோர் ஆட்டத் தொடக்கத்திலும் தலை மோதும். கபடியில் ஒவ்வொரு ரெய்டிலும் அப்படி இல்லை. அந்த நாட்டு எண்களை எடுத்து இவன் தலையில் வைக்க முடியாது.

ஆனால் உங்கள் கையில் இருப்பது நிறைய. போட்டியில் படுகிற அடியை எதிரணி தீர்மானிக்கிறது, பயிற்சியில் படுகிற அடியை நீங்கள் தீர்மானிக்கிறீர்கள். தினமும் சாயங்காலம் முழு வேகத்தில் பிடித்துப் போட வேண்டுமா? வாரத்தில் ஒன்றிரண்டு நாள் போதாதா? கணுக்காலைப் பிடித்து இழுக்கும்போது பின்மண்டை தரையில் அடிக்காமல் விழக் கற்றுக்கொடுத்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமிருந்தும் தடுப்பாட்டக்காரர்கள் பாயும்போது ரெய்டர் நழுவிவிட்டால் அவர்கள் தலை இரண்டும்தான் மோதுகின்றன. யார் முதலில் போவது என்று குரல் கொடுக்கச் சொல்லுங்கள். செயினுக்கு அடியில் நுழைவது அழகான வித்தை, கூட்டம் விசிலடிக்கும். ஆனால் தலையை முன்னே கொடுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு நுழைகிறவன் எதிரில் வரும் முழங்காலைப் பார்ப்பதில்லை. இவனுக்கு அதுதான் நடந்திருக்க வேண்டும். களத்தில் திரும்ப இறங்கும்போது முதலில் திருத்த வேண்டியது அது. தெருப்புழுதியில் ஆடுகிற இடத்தில் கல் பொறுக்குவதையும், கட்டாந்தரையைக் கொத்தி இளக்குவதையும் உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தலைக்கவசம் வாங்க வேண்டாம். அது தோல் கிழிவதையும் மண்டை உடைவதையும் குறைக்கும், உள்ளே மூளை சுழல்வதைத் தடுக்காது. சர்வதேச அமெச்சூர் குத்துச்சண்டையில் 2013-இல் ஆண்களுக்கு அதைக் கழற்றியே விட்டார்கள்.

தேர்வாளர்கள் விஷயம் எனக்கும் புரிகிறது. ஒரு வேலைக்காக ஒரு குடும்பம் எத்தனை வருஷம் காத்திருக்கும் என்று தெரியும். மருத்துவரிடம் ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, தேர்வாளர்களிடம் நீங்களே முன்கூட்டிப் போய், பையனுக்குத் தலையில் அடி, மருத்துவர் ஆடக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிடுங்கள். காகிதத்தையும் காட்டுங்கள். அடுத்த போட்டியில் பார்க்கிறோம் என்று அவர்கள் சொன்னாலும் சொல்லலாம். சொல்லாமலும் போகலாம், அதை மறைத்துப் பேச மாட்டேன். அவன் அறிகுறியை மறைக்கக்கூடிய ஒரே காரணமும் அதுதான். ஆகவே ‘தலைவலி இருக்குன்னு சொன்னா உன் இடம் போயிடாது’ என்பதை அணிப் பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் நீங்கள் சொல்ல வேண்டும்.

கடைசியாக, அக்காவிடம் சொல்லுங்கள். இன்றைக்கே. அவனைத் திரும்ப இறக்கிவிட்டதையும் சேர்த்துத்தான். ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் மெல்லக் கசிகிற ரத்தம் சில சமயம் நாள் கழித்துத் தலைகாட்டும். தலைவலி நாளுக்கு நாள் ஏறுவது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்பினால் எழாத தூக்கக் கலக்கம், பேச்சுக் குளறுவது, ஒரு கை அல்லது கால் வலுக்குறைவது, வலிப்பு, ஒரு கண்மணி மட்டும் பெரிதாவது. இதில் ஒன்று வந்தாலும் நடுராத்திரியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதையெல்லாம் முதலில் கண்ணால் பார்க்கப் போவது நீங்களோ நானோ இல்லை, அவனோடு ஒரே வீட்டில் படுத்துத் தூங்குகிற உங்கள் அக்காதான். அவர் இதை வெறும் சளித் தலைவலி என்று நினைத்துத் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறாரோ என்னவோ. திட்டுவார், ஒரு வாரம் பேசாமல்கூட இருப்பார். இந்தப் பத்தியை அவரே படிக்கும்படி கையில் கொடுத்துவிடுங்கள்.